காக்கும் கையில் படியும் கறை

இந்துமாக் கடலில், ஜாவாத் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது ஒரு சிறு தீவு. 1643-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அதன் அருகே கடந்து சென்ற வில்லியம் மைனர்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், அந்த நாளின் பெயரையே தீவுக்கும் சூட்டினார். கிறிஸ்துமஸ் தீவின் பரப்பு 135 சதுர கிலோமீட்டர். 1958 முதல் அது ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் உள்ளது. ஆனால் பெர்த் நகரிலிருந்து அங்கே செல்ல 2,600 கிலோமீட்டர் பறக்க வேண்டும். தீவில் வாழ்வோர் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. சீனக் கோயில்களும் பள்ளிவாசலும் தேவாலயமும் அந்தச் சிறு ஊருக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கின்றன. தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா. அது 1980-இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது.

கடலடி எரிமலை ஒன்றின் தலையில் பவழங்கள் கட்டிய சுண்ணாம்புப் பாறைதான் இந்தத் தீவின் மேற்பரப்பு. நிலம் உயர்ந்து உயர்ந்து வந்ததால் படிக்கட்டுகளைப் போன்ற மேடுகள் அமைந்தன. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்துக் கூர்மையான பாறை முட்களையும், உள்ளே குகைகளையும் உண்டாக்கியது. இவ்வளவு மழை பெய்யும் தீவில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேற்குக் கரையில் டேல்ஸ் எனப்படும் பள்ளத்தாக்குகளிலும் வேறு சில இடங்களிலும் மட்டுமே ஓடைகளைக் காணலாம். மற்ற நீரெல்லாம் பாறையின் பிளவுகள் வழியே உள்ளிறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. மக்கள் குடிக்கும் நீரும் அந்த நிலத்தடி ஓட்டத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. சூரிய ஒளியை ஒருபோதும் அறியாத குகைகளில் கண்ணற்ற தேள் ஒன்று வாழ்கிறது. கடலோடு தொடர்புள்ள குகை நீரில், அந்த இருளுக்கென்றே அமைந்த சிறு இறால் இனங்கள் வாழ்கின்றன. இத்தகைய நிலத்தில் மேலே செய்யப்படும் எதுவும் மேலேயே தங்கிவிடுவதில்லை. பின்னால் வரப்போகும் ஒரு கேள்விக்காக இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீவைக் காண வருவோர் பெரும்பாலும் மழைக்காலத்தின் தொடக்கத்தில்தான் வருகிறார்கள். அக்டோபரிலோ நவம்பரிலோ முதல் மழை விழுந்ததும், காட்டுக்குள் வளைகளில் வாழும் செந்நண்டுகள் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. ஆயிரக்கணக்கில் என்றோ லட்சக்கணக்கில் என்றோ சொன்னால் போதாது. அவை கோடிக்கணக்கில் புறப்படுகின்றன. கரையை அடைந்து இணை சேர்ந்தபின் ஆண் நண்டுகள் காட்டுக்குத் திரும்பிவிடும். பெண் நண்டுகள் இரண்டு வார அளவு முட்டைகளைச் சுமந்து வளைகளில் காத்திருக்கும். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில், விடிவதற்கு முன், கடல் ஏறி இறங்கத் தொடங்கும் வேளையில் அவை நீரின் ஓரத்துக்கு வந்து முட்டைகளை உதறுகின்றன. ஒரு நண்டு ஒரு லட்சம் முட்டைகள்வரை விடும். பல ஆண்டுகளில் அந்தக் குஞ்சுகளில் ஏறக்குறைய எதுவுமே கரை திரும்புவதில்லை. எப்போதாவது ஓர் ஆண்டில் மட்டும் நகம் அளவுகூட இல்லாத குட்டி நண்டுகள் கடலிலிருந்து ஏறிவந்து பாறைகளையே செந்நிறமாக்கிவிடுகின்றன.

அந்த நாட்களில் தீவின் வாழ்க்கை நண்டுகளுக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. சாலைகள் மூடப்படுகின்றன. நண்டுகளைத் திருப்பிவிட நீண்ட தடுப்புகள் வைக்கப்படுகின்றன. சாலைக்கு அடியில் அவற்றுக்கென வழிகள் உண்டு; ஓரிடத்தில் சாலைக்கு மேலே ஒரு பாலமே உண்டு. வண்டியில் செல்பவர் நிறுத்தி இறங்கி, தோட்டத்து வாரியால் நண்டுகளை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சில அடி நகர்கிறார், மீண்டும் இறங்குகிறார். வேற்றூரிலிருந்து வந்த பயணியும் வாரியைக் கையில் வாங்கிக்கொள்கிறார். ஓர் உயிரும் நசுங்கிவிடக் கூடாது என்ற அந்தக் கவனத்தைப் பார்க்கும் எவருக்கும் உள்ளம் நெகிழும். அஹிம்சை என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள்கூட இங்கே அதைக் கடைப்பிடிக்கிறார்களே என்று இந்தியாவிலிருந்து செல்லும் ஒருவருக்குத் தோன்றலாம்.

ஆனால் அதே பூங்காவின் அதே காவலர்கள், வேறு மாதங்களில், நஞ்சு கலந்த இரையைப் பைகளில் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றிருக்கிறார்கள். கோடானுகோடி உயிர்களைக் கொல்வதற்காகவே சென்றிருக்கிறார்கள். அந்த உயிர்கள் எறும்புகள்.

எறும்பு வந்த வழி

மஞ்சள் பித்து எறும்பு என்று அழைக்கப்படும் இந்த இனம், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் சரக்குகளோடு தீவுக்கு வந்து சேர்ந்தது. (2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் கால்நடைகளையும் மக்களையும் அலைக்கழித்ததாகச் செய்திகளில் வந்ததும் இதே எறும்புதான்.) பல ஆண்டுகள் அது அடங்கியே இருந்தது. 1989-இல் ஓர் இடத்தில் பெருங்குடியிருப்பு ஒன்று கண்டறியப்பட்டது. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டின் கால்பகுதிக்கும் மேல் அத்தகைய குடியிருப்புகள் பரவிவிட்டன. பல அரசி எறும்புகள் பகையின்றி ஒன்றாக வாழ்வதால் இவற்றின் கூட்டுக்கு எல்லையே இல்லை. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எறும்புகள் ஊர்ந்தன.

எறும்புகள் நண்டைக் கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. தங்கள் உடலிலிருந்து அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. அது நண்டின் கண்களிலும் வாயிலும் படுகிறது. நண்டு பார்வை இழந்து, நுரை தள்ளி, ஓரிரு நாட்களில் இறக்கிறது. இவ்வாறு இறந்த நண்டுகள் ஒரு கோடிக்கும் மேல் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். நண்டுகள்தாம் அந்தக் காட்டின் தோட்டக்காரர்கள். விழும் இலைகளையும் முளைக்கும் கன்றுகளையும் தின்று தரையைத் துப்புரவாக வைத்திருந்தவை அவையே. அவை அழிந்த இடங்களில் புதர் மண்டியது. முன்பு நண்டுகள் தின்று அடக்கிவைத்திருந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை உள்ளே நுழைந்தது. மரங்களின் மேலே வேறொரு கேடு நடந்தது. சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீரே எறும்புகளின் முக்கிய உணவு; அதற்காக எறும்புகள் அந்தப் பூச்சிகளைப் பேணின. பூச்சிகள் பெருக, மரக்கிளைகள் கரும்பூஞ்சை படிந்து காய்ந்தன.

2002-இல் ஹெலிகாப்டர் மூலம் சுமார் 2,500 ஹெக்டேர் காட்டில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த இரை தூவப்பட்டது. 2009-லும் 2012-லும் அது மீண்டும் செய்யப்பட்டது. தூவிய இடங்களில் எறும்புகள் ஏறக்குறைய முற்றிலும் மடிந்தன. செந்நண்டுகள் மீளத் தொடங்கின. இன்று அவற்றின் எண்ணிக்கை பத்துக் கோடிக்கும் மேல் என்று பூங்கா நிர்வாகம் மதிப்பிடுகிறது. ஆனால் அந்த நஞ்சு எறும்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே மிகப் பெரியதான தென்னை நண்டும் அந்த இரையைத் தின்று இறக்கக் கூடியது. அதனால் வேறிடத்தில் மணமுள்ள உணவை வைத்து அவற்றை அப்பால் இழுக்க முயன்றார்கள். எல்லாம் வந்துவிடவில்லை. மேலும் இது சுண்ணாம்பு நிலம். மேலே தூவியது மழையோடு எங்கே இறங்கும், குகையின் இருளில் எந்த உயிரைச் சேரும் என்ற கவலை இப்படிப்பட்ட இடத்தில் ஒருபோதும் தீர்வதில்லை.

நண்டை வாரியால் ஒதுக்கிய பயணி இதைக் கேட்டதும் என்ன நினைப்பது? முதலில் பார்த்ததை அஹிம்சை என்றால், இதற்கு என்ன பெயர்?

எளிய விடைகள்

மனம் உடனே சில விடைகளைத் தேடித்தரும். எறும்பு மிகச் சிறியது, அதற்குத் துன்பம் தெரியாது என்பது அவற்றுள் ஒன்று. அதற்குத் தெரியுமா தெரியாதா என்பதை மனிதன் எப்படி முடிவு செய்வது? தவிர, இந்த விடையைச் சொல்பவர் நண்டு விஷயத்தில் அதைச் சொல்வதில்லை. நண்டு கண்ணுக்கு அழகாகவும் எண்ணிக்கையில் வியப்பாகவும் இருப்பதால் கருணைக்கு உரியதாகிவிட்டது என்றால், அது கருணை என்னும் பெயரில் உள்ள ரசனை மட்டுமே.

எறும்பு அந்நியம், அதற்கு அங்கே இடமில்லை என்பது இன்னொரு விடை. கொடியோரை அரசன் தண்டிப்பதைப் பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடும் திருவள்ளுவரின் உவமையை நினைத்துக்கொள்வோரும் இருக்கலாம். உவமை இங்கே பொருந்தாது. கொடியவன் தன் செயலை அறிந்து செய்தவன். எறும்போ எங்கே கொண்டுவிடப்பட்டதோ அங்கே எறும்பாகவே வாழ்ந்தது. அதைக் கொண்டுவந்தது கப்பல். கப்பலைக் கொண்டுவந்தது பாஸ்பேட்.

1888-இல் பிரிட்டன் இத்தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டதே மண்ணிலிருந்த பாஸ்பேட்டுக்காகத்தான். சுரங்கத் தொழிலாளரும் சரக்கும் வரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே முதல் அழிவும் வந்தது. 1899-இல் வந்த ஹிந்துஸ்தான் என்ற கப்பலில் கருப்பு எலிகள் வந்தன. அவற்றோடு ஒரு நோய்க்கிருமியும் வந்தது. தீவுக்கே உரிய இரண்டு எலி இனங்கள் சில ஆண்டுகளுக்குள் மறைந்தன. முன்பு அங்கே எலிகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்ததைப் பார்த்த சார்லஸ் ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர், 1908-இல் மீண்டும் சென்றபோது ஒன்றைக்கூடக் காணவில்லை. அந்த நோய்க்கிருமியின் தடயம், அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டிருந்த பழைய எலித்தோல்களில் நூறாண்டுகளுக்குப் பின் கண்டறியப்பட்டது. ஆகவே எறும்பு குற்றவாளி என்றால், அதைவிட மூத்த குற்றவாளி ஒருவன் இருக்கிறான்; அவனே இப்போது நீதிபதியாகவும் அமர்ந்திருக்கிறான். மனிதன் பட்ட கடனை எறும்பு தன் உயிரைக் கொடுத்துத் தீர்க்கிறது.

மூன்றாவதாக, தனியுயிர் முக்கியமன்று, இனமே முக்கியம் என்று சொல்லலாம். இதில் கனம் உண்டு. அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட், உயிர்ச் சமூகம் முழுவதன் நிலைபேற்றையும் அழகையும் காப்பதே சரியான செயல் என்று வாதிட்டார். அவருடைய நூல் 1949-இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்தது. 1983-இல் டாம் ரீகன் என்ற தத்துவப் பேராசிரியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். முழுமையின் நன்மைக்காகத் தனியுயிரைப் பலியிடலாம் என்ற கொள்கையை மனிதரிடமும் கொண்டுவந்தால் அது எங்கே போய் முடியும் என்பதே அவருடைய கேள்வி. துன்பத்தை உணர்வது எப்போதும் ஒரு தனி உயிர்தான், இனத்துக்கு வலிப்பதில்லை. ஆனால் ஓர் இனம் போய்விட்டால் இனிப் பிறக்க வேண்டிய தனி உயிர் ஒன்றும் பிறக்காது. இரண்டு பக்கமும் உண்மை இருப்பதால்தான் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

செய்யாமல் விட்டதும் செயலே

இப்படிப்பட்ட சிக்கலில் சிக்கியவர், ‘எதையும் கொல்ல வேண்டாம், தலையிடவே வேண்டாம், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்று ஒதுங்க நினைப்பார். ஆன்மிகத்தில் நாட்டமுள்ளவருக்கு இந்த ஒதுக்கம் தூய்மையாகவும் தோன்றும். அதே தீவில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி அதை யோசிக்க வைக்கிறது.

அங்கே மூன்று, நான்கு கிராம் எடையே உள்ள வௌவால் இனம் ஒன்று இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாதது. குகைகள் நிறைந்த தீவில் இருந்தும் அது குகையை நாடாமல் மரப்பட்டைகளுக்கு அடியிலும் பட்ட மரங்களிலும் உறங்கும். 1990-களில் இருந்தே அது குறைந்து வருவது பதிவாகியிருந்தது. 2009 ஜனவரியில், எஞ்சியிருப்பவை 20-க்கும் குறைவாக இருக்கலாம், உடனே பிடித்துப் பாதுகாப்பில் வளர்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். பிடிக்கும்போது இறந்துவிட்டால்? அடைத்துவைத்தால் வாழுமா? காரணமே தெரியாமல் செயல்படுவது சரியா? எல்லாம் நியாயமான கேள்விகளே. கேள்விகளுக்கு விடை தேடிய மாதங்களில் வௌவால்கள் குறைந்துகொண்டே போயின. ஜூலையில் அனுமதி வந்தது. ஆகஸ்டில் ஒரு குழு தீவுக்குச் சென்று இரவுதோறும் காட்டில் காத்திருந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத வௌவாலின் ஒலியைப் பதியும் கருவிகளில் ஒரே ஒரு வௌவாலின் குரல் மட்டும் விழுந்தது. அதை அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 26-ஆம் நாள் இரவு அது பதிவாயிற்று. மறுநாள் கேட்கவில்லை. அதன்பின் என்றுமே கேட்கவில்லை. 2017-இல் அந்த இனம் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

அதைக் காப்பாற்றுவதில் தாமதித்தவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். அவர்களுடைய கைகளில் ஒரு துளி இரத்தமும் இல்லை. கையில் கறை படாமல் இருப்பதும் அஹிம்சையும் ஒன்றே என்று கொண்டால், அவர்களை அஹிம்சாவாதிகள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்ல மனம் ஒப்புவதில்லை அல்லவா?

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயால் மீளாத வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்குட்டியை, மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு இறக்கச் செய்தார் காந்தியடிகள். நாடெங்கிலுமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கொல்லாமல் இருப்பதெல்லாம் அஹிம்சை ஆகாது என்பதை அவர் அப்போது விளக்கினார். பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே நேரத்தில் அவர் வேறொன்றையும் எழுதினார். ஆசிரமத்தின் பயிர்களைக் குரங்குகள் அழித்துவந்தன. அவற்றைக் கொல்ல நேர்ந்தால் அதுவும் அஹிம்சையாகுமா? ஆகாது என்றார் அவர். கன்று இறந்தது கன்றின் நன்மைக்காக. குரங்கு இறந்தால் அது பிறர் நன்மைக்காக. தவிர்க்க முடியாததாக இருந்தாலும் அதற்கு ஹிம்சை என்றே பெயர். கிறிஸ்துமஸ் தீவின் எறும்புகள் குரங்குகளின் வரிசையில்தான் வருகின்றன, கன்றின் வரிசையில் அல்ல. அவை எறும்புகளின் நன்மைக்காகக் கொல்லப்படவில்லை.

சமண நூலோர் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். திட்டமிட்டுச் செய்வது, இல்லற வாழ்வில் தவிர்க்க முடியாமல் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. பூங்காக் காவலரின் செயலை எதில் சேர்ப்பது? தொழிலில் நேர்ந்தது எனலாம். பிறரைக் காக்கும் எதிர்ப்பு எனலாம். ஆனால் வரைபடம் வரைந்து, நாள் குறித்து, ஹெலிகாப்டர் அமர்த்திச் செய்யப்படும் கொலையில் திட்டம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? நான்கு அறைகளிலும் கால் வைத்தபடி நிற்கிறது இந்தச் செயல்.

பழைய விவாதம் ஒன்று

கடமையாக விதிக்கப்பட்ட கொலையில் பாவம் உண்டா என்ற கேள்வி இந்தியத் தத்துவ மரபில் மிக நுட்பமாக அலசப்பட்டது. அங்கே பேசப்பட்டது வேள்விப் பலி. காலம் மாறிவிட்டது, எனினும் வாதத்தின் அமைப்பு இன்றும் உதவுகிறது.

மீமாம்சகர்கள், ‘சாஸ்திரம் விதித்ததைச் செய்வதில் பாவம் சிறிதும் இல்லை’ என்றனர். பிரம்மசூத்திர உரையில் சங்கரரும் இந்தப் பக்கமே நிற்கிறார். தர்மம் எது அதர்மம் எது என்பதை நம் உணர்ச்சியால் அறிய முடியாது, சாஸ்திரத்தால்தான் அறிய முடியும். எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்பது பொதுவிதி, வேள்வி சிறப்புவிதி. சிறப்புவிதி வந்த இடத்தில் பொதுவிதி விலகிக்கொள்ளும். இதுவே அவர்களுடைய வாதம்.

சாங்கியர் இதை ஏற்கவில்லை. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை வேள்வி வழியைத் தூய்மையற்றது என்கிறது. அதற்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர் காரணம் சொல்கிறார். இரண்டு விதிகளும் மோதினால்தானே ஒன்று மற்றொன்றை விலக்கும்? இவை மோதவே இல்லை. ‘தீங்கு செய்யாதே’ என்பது தீங்கு செய்பவனுக்குக் கேடு விளையும் என்கிறது. வேள்விவிதி அந்தச் செயல் வேள்விக்கு உதவும் என்கிறது. ஒரு செயல் வேள்விக்கு உதவவும் செய்யலாம், செய்பவனுக்குக் கேடு விளைவிக்கவும் செய்யலாம். ஆகவே புண்ணியம் பெரிதாக இருந்தாலும் அதில் சிறு கலப்பு உண்டு. அந்தக் கலப்பு பிராயச்சித்தத்தால் நீங்கக் கூடியது; கவனக்குறைவால் செய்யாமல் விட்டால் அதற்குரிய பலனைத் தராமல் போகாது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 20-ஆம் நூற்றாண்டில், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வேறு வழியில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு கடமைகள் முரண்படும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைச் சரியாகவே செய்தாலும், கைவிடப்பட்ட மற்றக் கடமை இல்லாமற் போய்விடுவதில்லை; அது வருத்தமாக எஞ்சி நிற்கும், எஞ்சி நிற்பதும் நியாயமே என்றார் அவர்.

எறும்பு விஷயத்தில் மீமாம்சகரின் வழியை எடுத்துக்கொள்வது மிக எளிது. வேதம் இருந்த இடத்தில் சட்டத்தையும் அறிவியல் அறிக்கையையும் வைத்தால் போதும். அனுமதி இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, ஆகவே கறை இல்லை. இன்று உலகெங்கும் உயிரினப் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த மொழியில்தான் பேசுகிறது. ‘கட்டுப்படுத்தல்’ ‘அகற்றல்’ ‘மேலாண்மை’ என்ற சொற்களில் கொலை என்பது எங்கும் இல்லை. சாங்கியரின் வழி கடினமானது. செய்ய வேண்டியதைச் செய். ஆனால் செய்தது கொலையே என்பதை மறக்காதே என்கிறது அது. நடைமுறையில் இந்த இரண்டாவது வழியே பாதுகாப்பானது. கறை இல்லை என்று நம்புகிறவனுக்கு அடுத்த முறை கை தயங்காது. அதற்கு அடுத்த முறை நஞ்சின் அளவு கூடும், காரணம் குறையும். கறை உண்டு என்று அறிந்தவனோ, அதைவிடக் குறைந்த தீங்கான வழி ஏதும் உண்டா என்று தேடிக்கொண்டே இருப்பான். பிராயச்சித்தம் என்பதற்கு அந்தத் தீவில் வேறு பொருள் காண்பது கடினம்.

அத்தகைய தேடல் அங்கே நடந்தது. எறும்பின் உணவு செதில் பூச்சியிலிருந்து வருகிறது. பூச்சியைக் குறைத்தால் எறும்பு தானே குறையும் என்று மெல்போர்னின் லாட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருதினர். மலேசியாவில் அந்தப் பூச்சியின் இயற்கைப் பகையாக, இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நுண்குளவி இருப்பது தெரியவந்தது. அது வேறெந்தப் பூச்சியையாவது தாக்குமா என்பதைச் சோதிக்கவே நீண்ட காலம் செலவாயிற்று. அந்தக் காலம் முழுவதும் நண்டுகளைக் காக்க நஞ்சு இரையைத் தூவிக்கொண்டேதான் இருந்தார்கள். 2016 டிசம்பரில் சில நூறு குளவிகள் காட்டில் விடப்பட்டன. அவை அங்கே நிலைகொண்டு பெருகின.

குளவியோ கருணை வடிவம் அன்று. அது செதில் பூச்சியின் உடலில் முட்டையிடுகிறது. குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளிவருகிறது. இத்தகைய குளவிகளை எண்ணித்தான் 1860-இல் டார்வின், தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், அருளாளனான இறைவன் இவற்றைத் திட்டமிட்டுப் படைத்திருப்பான் என்று நம்பத் தம்மால் முடியவில்லை என்று தெரிவித்தார். நஞ்சு தென்னை நண்டையும் குகை நீரையும் பாதிக்கலாம். குளவி தன் இரையை விட்டு வேறொன்றைத் தொடாது. அந்த அளவுக்குத் தீங்கு குறைவு. ஆனால் தூவிய நஞ்சு நாளடைவில் சிதையும், விட்ட குளவியை இனி யாராலும் திரும்ப அழைக்க முடியாது. இதையும் கணக்கில் எழுதியாக வேண்டும்.

பூங்காவில் சாதாரணப் பயணிகள் அதிகம் காணாத ஒரு பகுதி உண்டு. தீவுக்கே உரிய பல்லி, அரணை இனங்கள் 1980-களுக்குப் பின் ஒவ்வொன்றாகக் காட்டிலிருந்து மறைந்தன. அதே காலத்தில் வந்து சேர்ந்த ஓநாய்ப் பாம்பு என்னும் நஞ்சற்ற சிறு பாம்பே முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. வௌவாலுக்கு நேர்ந்த அதே 2009-இல், நீலவால் அரணையிலும் லிஸ்டர் பல்லியிலும் சில டஜன்கள் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வளர்க்கப்பட்டன. இம்முறை காத்திருக்கவில்லை. இன்று அவை நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன. காட்டு அரணை என்ற இன்னோர் இனத்துக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. காப்பகத்தில் எஞ்சியிருந்த ஒரே ஒரு பெண் அரணை 2014 மே 31 அன்று இறந்தது. அதோடு அந்த இனமும் முடிந்தது. 1985-க்குப் பின் யாரும் காணாத தீவின் மூஞ்சூறும் அழிந்துவிட்டதாக 2025-இல் அறிவிக்கப்பட்டது.

காப்பகத்தில் பிறந்த நீலவால் அரணைகளைக் காட்டில் மீண்டும் வாழவைக்கப் பாம்பு ஏற முடியாத வேலியிட்ட ஒரு நிலத்தை அமைத்தனர். பாம்பு நுழையவில்லை, பூரான்கள் நுழைந்தன. அவையும் வெளியிலிருந்து வந்த இனமே. அரணைகளை அவை தின்றன. பூரான்களைத் தேடிப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. பிறகு 2019-லும் அடுத்த ஆண்டிலும் ஓநாய்ப் பாம்பு இல்லாத கோக்கோஸ் தீவுக் கூட்டத்தின் இரண்டு சிறு தீவுகளில் சில நூறு அரணைகள் விடப்பட்டன. சொந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், தென்னை மரங்களின் அடியில், அவை இப்போது வெயில் காய்கின்றன. அங்கே அவை எந்தப் பூச்சிகளை உண்டு வாழ்கின்றன, அந்தப் பூச்சிகளுக்கு முன்பு இப்படியொரு பகை இருந்ததா என்ற கேள்விகளையும் அவற்றை விட்டவர்கள் கூடவே சுமந்து சென்றிருக்கிறார்கள்.